ஒரு கமேரோ எப்போ பிறந்துச்சு?

1969 செவர்லே கமேரோ மொத்தம் 2,43,085 தயாராச்சு. அதுல ரேஸுக்காகவே கொண்டுவந்த இசட்/28 வெறும் 20,302. சாதாரண வி8 கமேரோவுக்குப் பட்டையும் பேட்ஜும் ஒட்டி இசட்/28ன்னு வித்தா விலை எங்கயோ போயிடும். போலி ஏன் இவ்வளவுன்னு புரியுதா?

வண்டி நம்பர் காட்டிக்கொடுக்காதான்னு கேப்பீங்க. காட்டாது. 124379என்-னு தொடங்கினா: செவர்லே, வி8 கமேரோ, கூப், 1969, ஒஹாயோவின் நார்வுட் ஆலை. அவ்வளவுதான். எந்த வி8னு அதுல கிடையாது.

பாண்டியாக்னா பழைய பில்லிங் ரெகார்டு எடுக்கலாம். 1967-க்கு அப்புறம் வந்த ஃபோர்டுக்கும் டேட்டா இருக்கு. அமெரிக்காவில் வித்த இந்த கமேரோவுக்கு அப்படி எதுவும் இல்ல. இரும்புகிட்டதான் கேக்கணும்.

பிறந்த சர்டிபிகேட் இல்லாதவங்களை கோர்ட் வயசு பாக்க ஜி.எச்.க்கு அனுப்பும். பல், மணிக்கட்டு, முழங்கை, இடுப்பெலும்புன்னு தனித்தனியா பாத்து, எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாப்போம். இங்கயும் அதேதான்.

இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், வார்ப்பிலேயே "சி 14 9"னு இருக்கும். ஏ ஜனவரி, அப்போ சி மார்ச். 1969 மார்ச் 14-ல வார்த்தது. முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டை ஒட்டின சின்னத் தட்டையான இடத்துல "வி0318டிஇசட்"னு குத்தியிருக்கும். ஃப்ளின்ட் ஆலையில மார்ச் 18 அன்னிக்குப் பூட்டினது. டிஇசட் அந்த வருஷ இசட்/28-ஓட 302 இன்ஜினுக்கான குறி. அப்புறம் பாடித் தகடு: "03டி"ன்னா மார்ச் நாலாவது வாரம். வார்ப்பு, இன்ஜின், வண்டி. வரிசை சரி.

தகட்டுல "02பி", அதாவது பிப்ரவரி ரெண்டாவது வாரம்னு இருந்தா? வண்டி தயாராகும்போது அந்த இன்ஜின் இன்னும் வார்க்கப்படவே இல்ல. மகளை விடத் தாய் இளையவள்!

இது தெரிஞ்சவன் பழைய எழுத்தைத் தேச்சுட்டு, வேணுங்கிற தேதியைப் புதுசா குத்துவான். அங்கதான் மாட்டுவான். ஆலையில அந்த முகத்தைச் சீவினப்போ விழுந்த மெல்லிய இணைகோடுகள் தேய்ச்சா போயிடும். "ரீபில்டுல சீவினாங்க சார்"னு சொல்வாங்க. சரி, அப்போ எழுத்தும் போயிருக்கணுமே, அது மட்டும் எப்படிப் பளிச்சுன்னு இருக்கு? அதே இடத்துலயோ ஆயில் ஃபில்டர் பக்கமோ வண்டி நம்பரின் கடைசி இலக்கங்களும் குத்தியிருக்கும். அதையும் பாத்துடணும்.

ஆனா ஒண்ணு. தேதி ஒத்துவரலன்னா வண்டியே போலின்னு தீர்ப்பு எழுதிடாதீங்க. இதை ஓட்டினவங்க மெதுவா ஓட்டல. இன்ஜின் வெடிச்சிருக்கும், வேற போட்டிருப்பாங்க. வண்டி அசல், இன்ஜின் மட்டும் பிந்தியது. அதை ஓனரே சொல்லி, விலையைக் குறைச்சுக் கேட்டா தாராளமா வாங்கலாம். எல்லாத் தேதியும் கச்சிதமா இருந்து, குத்தின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கிற வண்டியைத்தான் நான் தொடமாட்டேன்.