கூரைக்கு எத்தனை யன்னல்? லொஃப்ட் அறை கட்டுமுன் கேட்க வேண்டியவை

“ரெண்டு வெலக்ஸ் போட்டால் காணும் எண்டு பில்டர் சொல்லுறார். நீ என்ன நினைக்கிறாய்?”

லண்டன் ஹரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா போனில் கேட்ட கேள்வி இது. 1930களில் கட்டப்பட்ட தன் வீட்டின் கூரைக்குள் ஓர் அறையும் சிறிய குளியலறையும் கட்டப் போகிறார். ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளை ஒன்றுக்கு அறையை வாடகைக்குக் கொடுப்பது அவருடைய எண்ணம். பில்டர் அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். குளியலறைத் தரை ஓட்டின் நிறம்வரை எழுதியிருந்தது. யன்னலுக்கு மட்டும் ஒரே வரி: “கூரை யன்னல் – 2.” அளவோ வகையோ இல்லை. எந்தப் பக்கம் என்பதும் இல்லை.

அந்த ஒரு வரியை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. லண்டனுக்குப் படிக்க வந்தபோது நானும் அப்படியோர் அறையில்தான் இருந்தேன். இருந்த ஒரே யன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. நிமிர்ந்தால் வானம் தெரியும், தெரு தெரியாது. பெயின்ட் ஒட்டிப்போய் நான்கு விரல் அளவுக்குத்தான் திறக்கும். 2022 யூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. அன்றிரவு ஈரத்துவாயைப் போர்த்திக்கொண்டு கீழ்மாடிப் படிக்கட்டில் படுத்தேன். அந்த அறையில் தீப்பிடித்திருந்தால் எப்படி வெளியே வந்திருப்பேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணாவுக்காகத் தேடிப் படித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறுபடும்.

அனுமதி தேவையா?

ஊர் வீடுகளில் அடுப்படி இருட்டாக இருந்தால் ஓட்டு வரிசைக்குள் ஒரு கண்ணாடி ஓட்டைச் செருகிவிடுவார்கள். லண்டன் கூரை யன்னலும் அதே வேலையைத்தான் தொடங்குகிறது. ஆனால் வெளிச்சத்தோடு காற்று, வெப்பம், மழை, சட்டம் எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்ல வேண்டும்.

லண்டன் தெருக்களில் ஒரு பொது அமைப்பைக் காணலாம். வீட்டின் பின்பக்கம் கூரையைப் பெட்டிபோல வெளியே தள்ளிக் கட்டியிருப்பார்கள், அது டோர்மர். முன்பக்கம் கூரைச் சரிவோடு படிந்த யன்னல்கள் மட்டும் இருக்கும். இதற்குக் காரணம் சட்டம். வீதியைப் பார்க்கும் முன்கூரையின் சரிவைத் தாண்டி வெளியே கட்டுவதற்குத் திட்ட அனுமதி வேண்டும். பின்பக்கம், தொடர் வீடு என்றால் 40 கன மீற்றர், மற்ற வீடுகள் என்றால் 50 கன மீற்றர் வரை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அனுமதி விண்ணப்பம் இல்லாமலே கூட்டலாம்.

கூரை யன்னலுக்கும் வரம்பு உண்டு. அது கூரை மட்டத்திலிருந்து 150 மில்லிமீற்றருக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. பக்கச் சரிவில் வைத்தால் கண்ணாடி ஊடே பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். அறைத் தரையிலிருந்து 1.7 மீற்றருக்குக் கீழே இருக்கும் பகுதி திறக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதிகளில் டோர்மருக்கு அனுமதி கட்டாயம். சில கவுன்சில்கள் கூரை யன்னலுக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மாடிக் குடியிருப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அனுமதி தேவையில்லை என்றாலும் கவுன்சிலிடமிருந்து சட்டபூர்வ அபிவிருத்திச் சான்றிதழ் எடுத்து வைப்பது நல்லது. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைத்தான் கேட்பார்.

திட்ட அனுமதி வேறு, கட்டட ஒழுங்குவிதி வேறு. முதலாவது தேவைப்படாத வீட்டுக்கும் இரண்டாவது கட்டாயம் தேவை. “பிளானிங் தேவையில்லை” என்று பில்டர் சொல்வதை “ஒருவரும் வந்து பார்க்க மாட்டார்கள்” என்று விளங்கிக்கொள்ள வேண்டாம்.

தீயும் யன்னலும்

“தீப்பிடிச்சால் யன்னலாலை வெளியிலை வரலாம்தானே?” என்று அண்ணா கேட்டார். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். தப்பிக்கும் யன்னல் என்று விதியில் ஒன்று இருப்பது உண்மை. திறக்கும் இடைவெளி குறைந்தது 0.33 சதுர மீற்றர் இருக்க வேண்டும். அகலமும் உயரமும் தலா 450 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. திறப்பின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. 450க்கு 450 என்று வைத்தால் 0.2 சதுர மீற்றர்தான் வரும். ஒரு பக்கம் 450 என்றால் மறுபக்கம் ஏறத்தாழ 735 வேண்டும்.

ஆனால் இந்த வழி, நிலத்திலிருந்து 4.5 மீற்றருக்கு மேற்படாத தளங்களுக்கு மட்டுமே. ஒற்றைத்தட்டு வீட்டின் கூரையறைக்குச் சரி. இரண்டு தட்டுக்கு மேலே வரும் லொஃப்டின் தரை வழக்கமாக அந்த உயரத்தைத் தாண்டிவிடும். அங்கே உயிரைக் காப்பது படிக்கட்டுதான். லொஃப்டிலிருந்து வெளிவாசல்வரை 30 நிமிடம் தீ தாங்கும் சுவர்களுக்குள் படிக்கட்டு இறங்க வேண்டும். அதற்குள் திறக்கும் அறைகளுக்குத் தீத்தடுப்புக் கதவுகள் வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் மின் இணைப்புள்ள புகை எச்சரிக்கைக் கருவிகள், ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைக்கப்பட வேண்டும்.

எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் சிக்கல் வருவது இங்கேதான். கீழே ஹோலைப் பெரிதாக்கப் படிக்கட்டுப் பக்கச் சுவரை உடைத்திருப்பார்கள். படி நேரே ஹோலுக்குள் இறங்கும். அண்ணா வீடும் அப்படித்தான். அந்தச் சுவரை மீண்டும் எழுப்புவதா, வேறு தீப்பாதுகாப்பு முறையைக் கட்டட ஆய்வாளர் ஏற்பாரா என்பதை யன்னல் வாங்குமுன் பேசி முடிக்க வேண்டும்.

அளவைவிட உயரம் முக்கியம்

தரைப் பரப்பில் 10 முதல் 20 வீதம் கண்ணாடி இருந்தால் அறை வெளிச்சமாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. 20 சதுர மீற்றர் அறைக்கு 2 முதல் 4 சதுர மீற்றர் வரும். பட்டியலில் போடுவது சட்டத்தின் வெளி அளவு. கண்ணாடி அதைவிடக் குறைவு.

அதைவிட முக்கியமானது, யன்னல் எந்த உயரத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பது. கதிரையில் இருப்பவருக்கும் நிற்பவருக்கும் வெளியே தெரிய வேண்டும் என்றால் அடிவிளிம்பு 90 முதல் 110 சென்ரிமீற்றருக்குள்ளும் மேல்விளிம்பு 2 மீற்றரை ஒட்டியும் இருக்க வேண்டும். சரிவான கூரையில் யன்னலின் நீளம் முழுவதும் உயரமாகக் கிடைக்காது. 40 பாகைச் சரிவில் 140 சென்ரிமீற்றர் யன்னல், நிலைக்குத்தாக 90 சென்ரிமீற்றர்தான் தரும். அதே சரிவில் 98 சென்ரிமீற்றர் யன்னல் தருவது 63 மட்டுமே. கூரை எவ்வளவு தட்டையோ, யன்னல் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும். நான் இருந்த அறையில் வானம் மட்டும் தெரிந்ததன் காரணம் இதுதான். கட்டையான யன்னலை உயரத்தில் வைத்திருந்தார்கள்.

வெலக்ஸ் என்பது டென்மார்க் நிறுவனம் ஒன்றின் பெயர். காற்றோட்டத்தைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தையும் இலத்தீனில் ஒளியைக் குறிக்கும் ‘லுக்ஸ்’ என்பதையும் சேர்த்து வைத்தது. எந்த நிறுவனத்தின் கூரை யன்னலையும் வெலக்ஸ் என்றே சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே கொட்டேஷனில் எந்த நிறுவனம், எந்த இலக்கம் என்று எழுதி வாங்குங்கள். வெலக்ஸ் பட்டியலில் எம்கே04 என்றால் 78க்கு 98, எம்கே08 என்றால் 78க்கு 140 சென்ரிமீற்றர்.

எப்படித் திறக்கும்?

நடுவில் சுழல்வது ஒரு வகை. கைபிடி மேலே இருப்பதால் கீழே மேசையோ கட்டிலோ போடலாம். முழுதாகத் திருப்பி வெளிக் கண்ணாடியை உள்ளிருந்தே துடைக்கலாம். ஆனால் திறக்கும்போது மேல்பாதி அறைக்குள் வரும், உயரமானவர் தலையை இடிப்பார். மேலே கீல் உள்ளது இன்னொரு வகை. முழுதும் வெளியே தள்ளித் திறக்கும், கிட்டப்போய் நின்று பார்க்கலாம். தப்பிக்கும் யன்னல் தேவைப்படும் இடத்தில் இதையே பெரும்பாலும் போடுகிறார்கள். விலை கூடியது.

கை எட்டாத உயரத்தில் என்றால் மின்சாரத்தாலோ சூரிய ஒளியாலோ இயங்குவது வேண்டும். மழைத்துளி பட்டதும் தானே மூடும் உணரி உள்ளதாகப் பாருங்கள். படிக்கட்டின் மேலே அப்படி ஒன்று இருந்தால் கோடை இரவில் வீட்டுச் சூடெல்லாம் மேலேறி அதனால் வெளியேறும். குளியலறைக்குப் பைன் மரச் சட்டம் வேண்டாம், ஈரத்தில் கறுக்கும். வெள்ளைப் பொலியூரதேன் பூச்சுள்ளதே சரி.

அறையின் காற்றை விரைவாக மாற்ற, 30 பாகைக்கு மேல் திறக்கும் யன்னல் என்றால் திறப்பு தரைப் பரப்பில் இருபதில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது விதிக்கான வழிகாட்டி. 20 சதுர மீற்றர் அறைக்கு 1 சதுர மீற்றர். திறக்காத யன்னல் இந்தக் கணக்கில் சேராது.

வெயில் எந்தப் பக்கம்?

அண்ணா வீட்டு முன்கூரை மேற்கே பார்க்கிறது. கோடையில் பின்னேர வெயில் இரவு எட்டு மணி தாண்டியும் அதில் விழும். வடக்குப் பக்கம் வெளிச்சம் சீராக வரும், சூடு குறைவு. கிழக்கு என்றால் யூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் முகத்தில் அடிக்கும், இருட்டுத் திரை இல்லாமல் தூங்க முடியாது.

கண்ணாடி வாங்கும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள். யூ மதிப்பு, குளிர்காலத்தில் வெப்பம் எவ்வளவு வெளியே போகிறது என்பதைச் சொல்லும். குறைவாக இருப்பதே நல்லது. ஜீ மதிப்பு, வெயில் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும். தெற்கு, மேற்கு யன்னல்களுக்கு இதுவும் குறைவாக வேண்டும். மூன்று அடுக்குக் கண்ணாடி என்றதும் கோடைப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கோடைக்குப் பெரிதும் உதவுவது கண்ணாடிக்கு வெளியே விரியும் திரை. உள்ளே போடும் திரை, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட சூட்டைத்தான் மறைக்கும். தலைக்கு மேலே வரும் யன்னலின் உட்கண்ணாடி, உடைந்தாலும் சிதறாத லமினேட் வகையாக இருக்கட்டும்.

கைமரமும் மழையும்

கூரையின் கைமரங்கள் பொதுவாக 40 முதல் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும். 78 சென்ரிமீற்றர் யன்னலுக்கு ஒன்றையாவது வெட்ட வேண்டும். வெட்டிய சுமையைத் தாங்க இரு பக்கக் கைமரங்களை இரட்டிப்பாக்கி, மேலும் கீழும் குறுக்குமரம் போட வேண்டும். கணக்குப் போடுவது கட்டமைப்புப் பொறியியலாளரின் வேலை. 1960களுக்குப் பிந்திய பல வீடுகளில் தொழிற்சாலையில் செய்த முக்கோணச் சட்டங்களே கூரையைத் தாங்குகின்றன. அவற்றில் ஒரு துண்டையும் பொறியியலாளரைக் கேட்காமல் வெட்டக் கூடாது.

ஓட்டுக்கும் யன்னலுக்கும் இடையே நீர் புகாமல் மூடும் தகட்டை ஃப்ளாஷிங் என்கிறார்கள். சிலேற்றுக்கு ஒன்று, வளைந்த ஓட்டுக்கு ஒன்று, தட்டை ஓட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. மாறிப் போட்டால் ஒழுகும். சட்டத்தைச் சுற்றி வெப்பக்காப்புப் பட்டை வைக்காவிட்டால் குளிர்காலத்தில் ஓரமெல்லாம் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

செலவு அதிகமில்லாமல் பலன் தருவது உட்புறச் சுவர் வெட்டு. யன்னலின் மேலே சீலிங்கைத் தரைக்குச் சமாந்தரமாகவும் கீழே சுவரை நிலைக்குத்தாகவும் முடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் அகலமாகப் பரவும். கீழே வைக்கும் ஹீற்றரின் சூடும் கண்ணாடியைத் தடவி மேலேறும். சரிவுக்கு நேராக வெட்டினால் கிணற்றுக்குள் இருந்து பார்ப்பதுபோல இருக்கும்.

அந்த ஒரு வரி

அண்ணாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினோம். கதிரை ஒன்றையும் கொண்டுபோனோம். அவர் அதில் இருந்து பார்த்தார், நான் நின்று பார்த்தேன். கைமரங்களில் சோக்கட்டியால் கோடு போட்டோம். கோடு காட்டிய நீளம், கொட்டேஷனில் பில்டர் மனதில் வைத்திருந்ததைவிட அதிகம்.

புதிய கொட்டேஷனில் யன்னலுக்கு ஒன்பது வரிகள் இருக்கின்றன. முன்பக்கம் 78க்கு 140 அளவில் இரண்டு, இரண்டுக்கும் வெளித்திரை. படிக்கட்டுக்கு மேலே மழை உணரியோடு ஒன்று. கீழே படிக்கட்டுச் சுவரை மீண்டும் எழுப்புவது தனி வரி. அதற்குத்தான் மச்சாள் சம்மதிக்க நாளெடுத்தது, ஹோல் சிறுத்துப்போகும் என்று. மொத்தச் செலவு கூடியது. குளியலறை ஓட்டை மலிவானதாக மாற்றி ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள்.

“வாடகைக்கு வாற பிள்ளைக்கு இவ்வளவும் வேணுமோ எண்டு முதல் யோசிச்சனான்,” என்றார் அண்ணா, ஏணியால் இறங்கும்போது. “பிறகு நீ படியிலை படுத்த கதையை நினைச்சன்.”