இரு சூரியோதயங்களின் தூரம்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் மாறுவதில்லை. அதைக் கடக்கும் நேரத்துக்கு மட்டுமே வரலாறு உண்டு. இலங்கையின் தென்கரையில், காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே பறந்த விமானங்களின் கதை இதற்கு நல்ல சான்று.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்துடன் இணைத்த வான்வழி அதனுடன் அறுந்தது. இந்துமாக் கடலை ஒரே வீச்சில் தாண்டுவதே எஞ்சியிருந்த வழி. ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். இடையில் இறங்க ஓரிடமும் இல்லை.

1943 ஜூலையில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து காட்டலினா நீர்விமானங்களுடன் இச்சேவையைத் தொடங்கியது. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே வேகம். எரிபொருளே பெரும் பாரமானதால் மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும் மட்டுமே ஏற்றப்பட்டனர். எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலி மௌனம் காத்தது. இரவில் விண்மீன்களே வழிகாட்டின. விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரிகல், அன்டாரிஸ், ஸ்பைக்கா என்று விண்மீன்களின் பெயர்களையே இட்டிருந்தார்கள். பயணம் பெரும்பாலும் 28 மணி நேரத்துக்கு நீளும்; மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு’வின் உறுப்பினர் என்று சான்றிதழ் அளிக்கப்பட்டது. 1945 ஜூலை வரை 271 முறை கடல் கடந்தும் ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை.

இவ்வீரக்கதையின் மறுகரையில் ஒரு கிராமம் இருக்கிறது. சிங்கள இலக்கியத்தின் பேராளுமையான மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் கொக்கலை. விமானத் தளத்துக்காக அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் பல இடிக்கப்பட்டன. அவர் பிறந்த வீடு தப்பியது. இன்று அது அருங்காட்சியக வளாகத்தின் பகுதி. தமிழில் ‘கிராமப் பிறழ்வு’ எனப் பெயர் பெற்ற அவரது ‘கம்பெரலிய’ நாவல் வெளிவந்தது 1944இல், அதாவது இவ்விமானங்கள் அந்த ஏரியில் இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில். நாவல் பேசுவது வேறொரு மாற்றத்தை. ஆயினும் அத்தலைப்பை இன்று வாசிக்கையில் இந்த ஏரிக்கரை நினைவுக்கு வராமல் போகாது.

போர் முடிந்ததும் அந்தக் காட்டலினாக்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவை தொடங்கியது: 14,498 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். தூரம் இரண்டரை மடங்குக்கும் மேல். நேரமோ முன்னதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

பறந்தவர்களின் மணிக்கணக்கை விமானக் குறிப்பேடுகள் நிமிடம் பிசகாமல் காத்து வைத்திருக்கின்றன. ஏரிக்கரையை விட்டுப் பெயர்ந்து போனவர்கள் நடந்த தூரத்துக்கு அப்படியொரு குறிப்பேடு இல்லை.