கரும்புச் சக்கையில் காகிதம்: செம்பனைத் தோட்டங்களுக்கு ஒரு பாடம்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமரம் தோட்டம். 1917-இல் அதைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே. செம்பனை ஆலைகளில் பழங்களை உதிர்த்த பிறகு மிஞ்சுவது வெற்றுக் குலை. ஆலைக்கு வரும் குலைகளின் எடையில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. முன்பு இதை எரித்துச் சாம்பலை உரமாக்கினர். புகை மாசு காரணமாக அவ்வழக்கம் குறைந்து, இப்போது பெரும்பாலும் மரங்களுக்கிடையே பரப்புகின்றனர்.

வெற்றுக் குலையின் நாரிலிருந்து காகிதக்கூழ் எடுக்க முடியும். ஆனால், கழிவை நம்பி ஒரு காகித ஆலை நிலைக்குமா? தமிழ்நாட்டில் கரும்புச் சக்கையைக் கொண்டு அதைச் செய்து காட்டியது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்.

1979-இல் தமிழக அரசு தொடங்கிய இந்நிறுவனத்தின் ஆலை கரூர் மாவட்டம், காகிதபுரத்தில் உள்ளது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 90,000 டன்னாக இருந்த உற்பத்தித் திறன், பின்னர் 4 லட்சம் டன்னாக உயர்ந்தது. 2016-இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் 2 லட்சம் டன் திறனுள்ள அட்டை ஆலையும் செயல்படத் தொடங்கியது.

முதல் சிக்கல் சக்கையைப் பெறுவதுதான். சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலன்களில் எரித்து வந்தன. அதற்கு ஈடாக நீராவியோ எரிபொருளோ தருவதாக நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. சக்கையின் நடுவே உள்ள சோற்றுப் பகுதி காகிதத்துக்கு உதவாது. அதைப் பிரித்து எரிபொருளாக்கினர். அரவைப் பருவம் முடிந்த பிறகும் ஆலை ஓட, சக்கையை ஈரமாகவே குவித்துச் சேமித்தனர். சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவாயுவும், சுண்ணாம்புக் கழிவிலிருந்து சிமெண்டும் எடுத்தனர். மரக்கூழும் தேவைப்படுவதால், விவசாயிகளைக் கொண்டு சவுக்கு, தைல மரங்களை வளர்க்கின்றனர்.

செம்பனை ஆண்டு முழுவதும் காய்ப்பதால் பருவச் சிக்கல் இல்லை. ஆனால் வெற்றுக் குலையில் எண்ணெய்ப் பசையும் மணலும் ஒட்டியிருக்கும். ஈரம் மிகுந்திருப்பதால் ஏற்றிச் செல்லும் செலவும் கூடும். அதைவிட முக்கியமானது மண். குலையைத் தோட்டத்திலிருந்து அகற்றினால், அதிலுள்ள சாம்பல் சத்தும் உடன் போய்விடும்.

சக்கையைக் கொடுத்த சர்க்கரை ஆலைக்கு ஈடு கிடைத்ததால்தான் காகிதபுரம் நிலைத்தது. குலையைக் கொடுக்கும் தோட்டத்து மண்ணுக்கும் அதுபோல ஈடு கிடைக்க வேண்டும்.