தீசிஸ் ரிஜெக்ட் ஆன மிட்செலும், கெய்லின் தாத்தாவும்

மைட்டோகாண்ட்ரியா என்றால் பீட்டர் மிட்செல், சவ்வைத் தாண்டித் தள்ளப்படும் புரோட்டான்கள் என்று படித்திருப்பீங்க. எனக்கு என்னவோ அவரோட ரிஜெக்ட் ஆன தீசிஸ்தான் ஞாபகம் வருது.

கேம்பிரிட்ஜில் அவர் முதலில் கொடுத்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. பெனிசிலின் பற்றி மறுபடி எழுதி 1951-ல்தான் பட்டம் வாங்கினார். (கோட் ரிவியூவில் நாலு கமெண்ட் வந்தாலே எனக்குத் தூக்கம் போயிடும்.) அப்போ அவருக்குத் தெம்பு சொன்னவர் மோல்டீனோ இன்ஸ்டிட்யூட்டின் டேவிட் கெய்லின். இத்தனைக்கும் அவர் மிட்செலின் கைடுகூட கிடையாது!

கெய்லின் சும்மா ஆள் இல்லைங்க. குதிரை வயிற்றில் வளரும் ஒரு ஈயின் புழுவை ஆராயப் போய், 1925-ல் செல் சுவாசத்தின் சைட்டோக்ரோமைப் பிடித்தவர். அதையே 1880-களில் மக்மன் என்ற டாக்டர் பார்த்துச் சொன்னார். ஜெர்மனியின் ஹோப்பே-சைலர் அடித்து நொறுக்கிவிட்டார். மக்மன் 1911-ல் இறந்தே போனார். அவருக்குரிய மரியாதையைக் கெய்லின்தான் கொடுத்தார். ஹீமோகுளோபினோடு இடமில்லாமல் அல்லாடிய மாக்ஸ் பெருட்ஸுக்குத் தன் லேபில் இடம் கொடுத்தவரும் இவரே. 1947-ல் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பணம் பெருட்ஸுக்குக் கிடைத்ததிலும் இவர் கை உண்டு.

1961-ல் மிட்செலின் கொள்கை வெளிவந்தது. பெரிய தலைகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1963-ல் உடம்பு கெட்டு எடின்பரோ வேலையை விட்டார். கெய்லின் காலமானதும் அதே வருஷம். கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, ஜெனிஃபர் மாயிலோடு சேர்ந்து சோதனைகளைத் தொடர்ந்தார்.

1978-ல் வேதியியல் நோபல், அவருக்கு மட்டும். அந்த நோபல் உரையின் தலைப்பே கெய்லின் பெயரில்தான் ஆரம்பிக்கிறது.