களைந்த சட்டையின் மறுவாழ்வு: பிரிட்டனின் சாரிட்டி கடைகள்

பிரிட்டனின் எந்தச் சிறு நகரத்துக் கடைத்தெருவிலும், ரொட்டிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, யாரோ உடுத்திக் களைந்த மேல்சட்டைகளும், யாரோ படித்து முடித்த நாவல்களும், கைப்பிடி உடையாமல் தப்பிய தேநீர்க் கோப்பைகளும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்பட்ட கடை ஒன்றேனும் இருக்கும். மக்கள் இலவசமாகக் கொடுக்கும் பழைய பொருள்களைப் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு விற்று, வரும் லாபத்தை ஓர் அறநிறுவனத்தின் பணிக்குச் செலவிடும் இத்தகைய கடையை அங்குள்ளோர் சாரிட்டி ஷாப் என்கிறார்கள். அந்நாட்டில் இன்று இவை 10,000க்கும் மேல் இருக்கின்றன. விடுமுறை நாளில் ஊர் ஊராகப் போய் இக்கடைகளைத் துழாவுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உண்டு. பத்துப் பவுண்டுக்குள் கிடைத்த நல்ல கம்பளிக் கோட்டின் விலையை, கேட்பார் இல்லாதபோதும், அவர்கள் தாமாகவே சொல்லிப் பெருமைப்படுவார்கள். பழையதை வாங்கும் வழக்கம் அந்நாட்டில் மிகப் பழையது. அதை வெளியே சொல்லி மகிழும் வழக்கம்தான் புதியது. அதற்கு நூறு வயதுகூட நிரம்பவில்லை.

ஆலைத்துணி பெருகுவதற்கு முன்பு துணி விலையுயர்ந்த சொத்தாக இருந்தது. சீமாட்டியின் அங்கி பணிப்பெண்ணுக்குப் போய், பணிப்பெண்ணிடமிருந்து பழந்துணிக்காரனுக்குப் போய், அவனிடமிருந்து இன்னும் ஏழையான ஒருத்தியின் உடம்பில் ஏறியது. லண்டன் கோட்டைக்கு அருகே ரோஸ்மேரி லேன் தெருவில் கூடிய கந்தல் சந்தை பதினெட்டாம் நூற்றாண்டில் பேர்பெற்றது; அடுத்த நூற்றாண்டில் ஹவுண்ட்ஸ்டிச் பகுதியின் பழந்துணிச் சந்தை அந்த இடத்தைப் பிடித்தது. லண்டனின் உழைக்கும் ஏழைகளைப் பற்றி 1851-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்ட ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் இந்த வணிகத்தின் உட்பிரிவுகளை ஒன்றுவிடாமல் பதிவுசெய்திருக்கிறார். நைந்த கோட்டைச் சாயமிட்டு ஒட்டுப்போட்டுப் புதிதுபோல் ஆக்குபவருக்கு ஒரு பெயர், பழைய காலணிகளைப் பிரித்துப் புதிய சோடியாகத் தைப்பவருக்கு இன்னொரு பெயர் என்று அத்தொழிலில் வழங்கியது. காலணிக்காரருக்கு இருந்த பெயரின் நேர்பொருள் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்பதாகும். மூலத்தின் தேய்மானம் தெரியாதபடி செய்வதுதான் அவருடைய வேலை என்பதால், எழுத்துலக மொழிபெயர்ப்பாளர்கள் இந்த உறவை மறுக்கத் தேவையில்லை.

இச்சந்தைகளில் வாங்கியவர்கள் விருப்பத்தால் வாங்கவில்லை. வேறு வழியில்லாததால் வாங்கினார்கள். பிறர் களைந்ததை அணிவது வறுமையின் அடையாளமாகவும், முன்பு அணிந்தவரின் நோயும் கூடவே ஒட்டிவரும் என்ற அச்சத்துக்கு உரியதாகவும் இருந்தது. பழைய சேலையைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கும் தெரு வியாபாரத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் கூச்சம் அந்நியமானதன்று: பேச்சு முழுவதும் பாத்திரத்தின் கனத்தைப் பற்றியே நடக்கும், அந்தச் சேலை அடுத்து யார் இடுப்பில் ஏறும் என்று எவரும் கேட்பதில்லை.

பழையதை விற்பதில் அறத்தைக் கலந்தவர்களில் முதன்மையானவர் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத். 1890-இல் வெளியிட்ட தம் நூலில், வீடுகளில் வீணாகும் துணி, காகிதம், உணவு முதலியவற்றைச் சேகரித்து வருவதற்கு வேலையற்றோரைக் கொண்ட ஒரு படையையே அமைக்கலாம் என்று அவர் திட்டம் தீட்டினார். ஏழைக்குச் சும்மா கொடுப்பது அவனைத் தாழ்த்தும், சிறு விலைக்கு விற்பது அவன் மானத்தைக் காக்கும் என்பது அக்கால அறப்பணியாளர்கள் பலரிடமும் இருந்த எண்ணம். இங்கே கடையின் பயன் வாங்குபவருக்கு உரியது. ஏறத்தாழ அதே காலத்தில் தேவாலய மண்டபங்களில் பரவிய ‘ஜம்பிள் சேல்’ என்ற ஒருநாள் விற்பனையோ வேறு வகை: ஊரார் கொடுத்த தட்டுமுட்டுச் சாமான்களை மேசைகளில் குவித்து, சில பென்னி விலைக்கு விற்று, கூரை பழுதுபார்க்கவோ பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கவோ பணம் திரட்டுவார்கள். இங்கே பயன் விற்பவரின் நோக்கத்துக்கு உரியது. இந்த இரண்டும் வெவ்வேறு ஓடைகள். பின்னாளில் அவை ஒரே கடைக்குள் வந்து கலந்ததால்தான், அங்கு நிற்பவர் மலிவுக்காக வந்தாரா தருமத்துக்காக வந்தாரா என்பதை அவரே அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலை உருவாயிற்று. எடின்பரோவின் நிக்கல்சன் சதுக்கத்தில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சமூகசேவை அமைப்பு 1937-இல் திறந்த கடைக்கு ‘எல்லோருக்குமான சிக்கனக் கடை’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். ‘எல்லோருக்குமான’ என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதுவரை அத்தகைய கடை எல்லோருக்கும் உரியதாக இல்லை என்பதற்குச் சான்று.

கூச்சத்தை உடைத்தது போர். 1941-இல் செஞ்சிலுவைச் சங்கம் தன் முதல் நன்கொடைக் கடையை லண்டனின் பழைய பாண்டு தெரு 17ஆம் எண்ணில் திறந்தது; நகைக்கடைகளுக்கும் ஓவியக் கூடங்களுக்கும் பேர்போன அத்தெருவை அது தேர்ந்தது கவனிக்கத்தக்கது. போர் முடிவதற்குள் 200க்கும் மேற்பட்ட நிரந்தரக் கடைகளும் 150 அளவிலான தற்காலிகக் கடைகளும் நாடெங்கும் இயங்கின. விற்கும் பொருள் அனைத்தும் நன்கொடையாக வந்தவையாக இருக்க வேண்டும், விலைக்கு வாங்கி விற்கக்கூடாது என்பது அரசின் வர்த்தக வாரியம் விதித்த உரிம நிபந்தனை. அதே ஆண்டு ஜூன் 1ஆம் தேதி துணிக்கும் பங்கீடு வந்தது: ஆளொருவருக்கு முதல் ஆண்டில் 66 கூப்பன்கள்; ஆண்களின் கோட்டும் உள்கோட்டும் காற்சட்டையும் சேர்ந்த ஓர் உடுப்புக்கே 26 கூப்பன்கள் போய்விடும். பழைய துணிக்கோ கூப்பன் தேவையில்லை. கையில் பணமிருந்தும் புதுத்துணி வாங்க முடியாத நடுத்தர வர்க்கம், வாழ்க்கையில் முதல்முறையாகப் பழந்துணியைப் புரட்டிப் பார்த்தது. அதுவும் நாட்டுப்பற்று என்ற பெயரில் புரட்டியதால் எவரும் முகம் சுளிக்கவில்லை. சாரிட்டி கடையில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு இந்தப் பாவமன்னிப்பு இன்றியமையாதது: அங்கே செலவழிப்பது கொடுப்பதாகிவிடுகிறது, மிச்சம் பிடிப்பதும் கொடுப்பதாகிவிடுகிறது.

நாஜிகள் பிடித்துக்கொண்ட கிரீஸ் நாட்டில், நேச நாடுகளின் கடல் முற்றுகையும் சேர்ந்து பஞ்சத்தைக் கடுமையாக்கியபோது, உணவு அனுப்ப வழிதேடி 1942 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டின் புனித மரியாள் தேவாலயத்தில் சிலர் கூடினார்கள். பஞ்ச நிவாரணத்துக்கான ஆக்ஸ்ஃபோர்டு குழு என்று அன்று பெயர்பெற்ற அமைப்பே பின்னர் ஆக்ஸ்ஃபாம் எனச் சுருங்கியது. அதன் நிறுவனர்களில் கிரேக்க இலக்கிய அறிஞர் கில்பர்ட் மரே உண்டு, தேவாலயத்தின் குரு மில்ஃபோர்டு உண்டு. ஆனால் கடையின் வரலாற்றுக்கு முக்கியமானவர் சிசில் ஜாக்சன்-கோல் என்ற வணிகர். தொண்டு நிறுவனத்தை வணிகத்தைப் போலத் திறமையாக நடத்த வேண்டும் என்று நம்பிய அவர், 1961-இல் முதியோர்க்கென ஓர் அமைப்பையும் 1972-இல் ஆக்‌ஷன்எய்டு அமைப்பையும் தொடங்கினார். போருக்குப் பிந்தைய வேண்டுகோள்களுக்கு மக்கள் அனுப்பிய துணியும் போர்வையும் அளவுமீறிக் குவிந்தன; அவற்றில் நிவாரணத்துக்கு அனுப்ப இயலாததை விற்றுக் காசாக்கும் நோக்குடன் பிராடு தெரு 17ஆம் எண் கட்டடம் 1947-இன் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது; 1948 பிப்ரவரியில் அங்கே கடை திறக்கப்பட்டது. துணிப் பங்கீடு நீங்கியது 1949 மார்ச்சில்தான் என்பதால், கடையின் முதல் ஆண்டு கூப்பன் காலத்துக்குள்ளேயே கழிந்தது. 1949-இல் ஆக்ஸ்ஃபாமின் முதல் ஊதியப் பணியாளராகச் சேர்ந்த ஜோ மிட்டி, துணி மட்டுமன்றி எது வந்தாலும் விற்கலாம் என்ற துணிவைக் கொண்டுவந்தார். ஒரு கழுதைகூட வந்து விலைபோனதாகச் சொல்வார்கள்.

இக்கடைகளின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத திருப்பம் ஒரு வரி வழக்கு. கட்டடங்களுக்கு உள்ளாட்சி மன்றம் விதிக்கும் வரியில், அறப்பணிக்குப் பயன்படும் கட்டடத்துக்கு அன்று பாதிச் சலுகை இருந்தது. கொடுத்த பொருளை விற்கும் கடை அறப்பணிக்குப் பயன்படும் கட்டடம்தானா என்ற கேள்வியில் ஆக்ஸ்ஃபாமுக்கும் பர்மிங்காம் மாநகர மன்றத்துக்கும் நடந்த வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. பணம் திரட்டுவது வேறு, அறம் செய்வது வேறு. கடை முதலாவதைத்தான் செய்கிறது என்று 1975-இல் தீர்ப்பாயிற்று. தர்க்கப்படி அந்தத் தீர்ப்பில் குறைகாண்பது கடினம். ஆயினும் மறு ஆண்டே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிச் சலுகையை மீட்டுத் தந்தது. அச்சட்டம் வைத்த நிபந்தனை, கடையில் முழுவதுமோ பெரும்பகுதியோ நன்கொடைப் பொருள்களே விற்கப்பட வேண்டும் என்பது. சலுகை இன்று 80 விழுக்காடு. அதை இழக்க எந்த அமைப்பும் துணியாது. மொத்த விலைக்குப் புதுச்சரக்கு வாங்கி நிரப்பினால் கடை ஒழுங்காகும், ஆனால் வரி கூடும். ஆகவே நாளை என்ன வரும் என்று கடைக்காரருக்கே தெரியாத நிலையைச் சட்டமே கட்டிக் காத்தது. இக்கடைகளைத் துழாவும் வேட்டைக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டியது வரிச் சட்டத்துக்கு.

வேட்டை என்ற சொல் மிகையன்று. அங்கே பேரம் பேசுவது வழக்கமில்லை. தருமத்துக்குரிய காசைக் குறைக்கச் சொல்வது அநாகரிகமாகக் கருதப்படும். சந்தையில் வாங்குபவரின் சாமர்த்தியம் நாவில் இருக்கிறது என்றால் இங்கே கண்ணில் இருக்கிறது. பின்னறையில் பைகளைப் பிரிக்கும் தொண்டர் நூறு சட்டைகளுக்கு நடுவே ஒன்றுக்கு விலைச்சீட்டு குத்துகிறார். அவருக்குத் தெரியாதது முன்னறையில் நிற்பவருக்குத் தெரிந்திருந்தால் அந்த இடைவெளிதான் லாபம். சில வாரங்களில் விற்காத பொருளை இறக்கிவிட்டு அடுத்ததைத் தொங்கவிட வேண்டிய நெருக்கடியும் விலையைத் தாழ்த்துகிறது. செல்வர் வாழும் கென்சிங்டன், செல்சி பகுதிக் கடைகளுக்கு நல்ல துணி வரும் என்பதும், கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரியில் பிரிக்கப்படாத பரிசுகள் வரும் என்பதும் பழகியவர்களின் கணக்கு. சிறந்த சரக்கு பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்து வருகிறது. பெற்றோர் வாழ்ந்த வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள், பார்க்கப் பொறுக்காமல், பீங்கான் தட்டுத் தொகுதியையும் அலமாரிப் புத்தகங்களையும் ஒரே நாளில் ஒப்படைத்துவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் திருமண நாள் வாழ்த்து எழுதிய கவிதைத் தொகுதியை இரண்டு பவுண்டுக்கு எடுப்பவருக்கு மகிழ்ச்சியோடு சிறு உறுத்தலும் சேர்ந்தே கிடைக்கும். எல்லாம் கிடைக்கும் என்றும் இல்லை: தீப்பற்றாத பொருளால் ஆனது என்ற சீட்டு தைக்கப்படாத மெத்தை நாற்காலியை 1988-ஆம் ஆண்டு விதிகளை ஒட்டி இக்கடைகள் ஏற்பதில்லை.

விலை குறிப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான அந்த அறிவு இடைவெளி குறுகத் தொடங்கியதில் தொலைக்காட்சிக்கும் பங்குண்டு. வீட்டுப் பரணில் கிடந்ததை நிபுணர் மதிப்பிடும் நிகழ்ச்சியை பி.பி.சி. 1979-இல் தொடங்கியபின், கொடுப்பவரும் ஒருமுறை யோசித்தே கொடுக்கலானார். ஆக்ஸ்ஃபாம் 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டின் செயிண்ட் ஜைல்ஸ் தெருவில் புத்தகத்துக்கென்றே தனிக்கடை வைத்தது. முதற்பதிப்பை அடையாளம் காணும் தொண்டர்கள் அங்கே அமர்ந்தார்கள். 2009-இல் வணிக ஆலோசகர் மேரி போர்ட்டாஸ் ஆர்பிங்டன் ஊரில் குழந்தைகள் நல அமைப்பொன்றின் கடையை மாற்றியமைத்ததைத் தொலைக்காட்சித் தொடராகக் காட்டியபோது, கடை பளபளப்பாக வேண்டுமா, விலை ஏறினால் ஏழை எங்கே போவார் என்ற பழைய கேள்விகள் மீண்டும் கிளம்பின. பூத்தின் ஓடையும் ஜம்பிள் சேல் ஓடையும் முழுமையாகக் கலந்துவிடவில்லை என்பதையே அந்த விவாதம் காட்டியது. இன்று அரிய பொருள்கள் இணைய விற்பனைக்கு முன்கூட்டியே பிரிக்கப்படுகின்றன. அலமாரியில் எஞ்சுவது எச்சம் என்று பழைய வேட்டைக்காரர்கள் முணுமுணுப்பதில் உண்மை இல்லாமல் இல்லை. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் அடைபட்ட கடைகள் ஜூனில் திறந்தபோது, வாங்க வந்தவர்களோடு, ஊரடங்கில் பரணைத் துப்புரவாக்கிய மூட்டைகளுடன் கொடுக்க வந்தவர்களும் திரண்டார்கள்.

அலமாரியில் விலைபோகாத துணியின் கதை யார்க்‌ஷயருக்குத் திரும்புகிறது. 1813 அளவில் பெஞ்சமின் லா என்பவர் பாட்லி ஊரில் கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியுடன் சேர்த்து மீண்டும் நூற்றார். ‘ஷாடி’ எனப்பட்ட அந்த மலிவுத் துணி அவ்வட்டாரத்தை வளர்த்தது. ஆக்ஸ்ஃபாம் 1974-இல் தன் துணிப் பிரிப்பு நிலையத்தைத் தொடங்கிய ஹடர்ஸ்ஃபீல்டு அங்கிருந்து தொலைவில் இல்லை. இப்போது அந்நிலையம் பாட்லியிலேயே இருக்கிறது. கந்தலை நூலாக்கும் தொழில் மட்டும் பெரும்பாலும் ஹரியானாவின் பானிபட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. மேலைநாடுகளில் தானமாகக் கொடுத்துக் கடையில் விற்காமல் போன துணி, எடைபோட்டு வணிகருக்கு விற்கப்பட்டு, கட்டுக்கட்டாகக் காண்ட்லா துறைமுகத்தில் இறங்குகிறது. திருப்பூரில் தைத்து பிரிட்டனுக்குக் கப்பலேறிய பின்னலாடை ஒன்று, வாங்கியவருக்கும் சாரிட்டி கடைக்கும் வேண்டாததாகி, அந்தக் கட்டுகளுக்குள் இருந்தாலும் வியப்பில்லை. காண்ட்லாவில் தரம்பிரிக்கும் பெண்கள் அதைத் தூக்கிப் பார்ப்பது ஓரிரு நொடிதான். உடுத்தத் தகுந்ததா, கந்தலா என்று அதற்குள் முடிவாகிவிடுகிறது.