பச்சிளங்குழந்தையின் அட்ரீனல் இரத்தக்கசிவு

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குள், பிறப்பையொட்டி இரத்தம் கசிந்து தேங்கும் நிலை. பிறக்கும்போது இச்சுரப்பி உடலளவை நோக்க மிகப் பெரியது; இரத்த ஓட்டமும் மிகுதி. எடை கூடிய குழந்தை, கடினமான பிரசவம், மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவை காரணமாகலாம். பெரும்பாலும் வலப்பக்கமே பாதிக்கப்படும்: அச்சுரப்பி கல்லீரலுக்கும் முதுகெலும்புக்கும் இடையில் நசுங்குகிறது, அதன் சிரை நேரே பெருஞ்சிரையில் சேர்வதால் அழுத்தமும் உடனே ஏறுகிறது.

முதல் அடையாளம் பல நேரங்களில் வெறும் மஞ்சள் காமாலைதான். இளவெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் வைத்திருப்பது இங்கேதான் ஆபத்து. வெளிறல், வயிற்றில் கட்டி, ஆண் குழந்தையின் விதைப்பை நீலம்பாரித்தல் ஆகியவையும் தோன்றலாம். கடைசியதை விதை முறுக்கு என்று கருதி அறுவைக்குக் கொண்டுபோனதும் உண்டு.

வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் போதும். சில வார இடைவெளியில் திரும்ப எடுத்தால் கசிவு சுருங்கியிருப்பது தெரியும். நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி பொதுவாக அப்படிச் சுருங்காது. ஐயமிருந்தால் சிறுநீரில் கேட்டகோலமைன் சிதைபொருள்களை அளப்பர்.

கத்தி அரிதாகவே தேவை. காமாலைக்கு ஒளிச்சிகிச்சை, தேவையானால் இரத்தம் ஏற்றுதல். இரு சுரப்பிகளும் சிதைந்தால் சர்க்கரையும் சோடியமும் குறைந்து பொட்டாசியம் ஏறும். அப்போது ஹைட்ரோகார்டிசோன் உயிர்காக்கும்.

இச்சிகிச்சைக்கு, பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய கேரள–தமிழக எல்லையோரக் குடும்பங்களுக்கு வடக்கே திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை, தெற்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. எங்கே போனாலும் முதல் ஸ்கேன் படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒப்பிட அதுவே அடிப்படை.