பெட்டியில் வரும் செயின் சா – ஒரு சிறு வரலாறு



ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நேர் எதிரே குடியிருக்கும் நமக்கு அது வெறும் பழமொழி இல்லை. சாரல் தொடங்கினால் வேப்பமரமோ வாகையோ ஏதாவது ஒரு கிளையை ஒடித்துக் கீழே போடுகிறது. அதை அறுத்து அகற்ற ஆள் கூப்பிட்டால், மெஷின் வாடகை தனி, கூலி தனி என்று சங்கத்தின் கணக்கில் ஒரு தொகை ஏறுகிறது.

இந்த நிலையில்தான் நம் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். சீனாவில் தயாராகும் செயின் சா 'கிட்' இணையத்தில் கிடைக்கிறது. பெரிய கம்பெனி மெஷினின் விலையில் பாதி கூட ஆகாது. உதிரி பாகங்களாக ஒரு பெட்டியில் வரும், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். சங்கமே ஒன்று வாங்கினால் என்ன? அடுத்த பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரும் என்று தெரிகிறது. அதற்கு முன் இந்த மெஷின் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று நாம் எல்லோரும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. வணிகவியல் படித்து வங்கியில் பேரேடு எழுதியவனுக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எந்தச் செலவு எதற்காக எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் நான் செய்த வேலை. இங்கேயும் அதையே செய்கிறேன்.

மேலே ஒருவர், கீழே ஒருவர்

உங்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். வடகரையில் என் சின்ன வயதில் மரம் அறுப்பது என்றால் இரண்டு ஆள் வேலை. பள்ளம் தோண்டி, அதன் மேல் தடியைக் கிடத்தி, கரி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார்கள். ஒருவர் தடியின் மேல் நிற்பார். ஒருவர் பள்ளத்துக்குள் நிற்பார். நீள ரம்பம் மேலும் கீழும் போய் வரும். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் கொட்டும். ஒரு பெரிய தடியைப் பலகையாக்க நாள் கணக்கில் ஆகும்.

மலையில் வெட்டும் மரத்துக்கு இந்தப் பகுதியில் எப்போதும் கிராக்கி உண்டு. 1904-இல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே மலையாளச் சீமையின் ஆட்சியில்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக்குவரத்து இருந்தாலும் கோடரியும் கை ரம்பமும்தான் கருவி. மனிதக் கைக்கு இருந்த களைப்பே காட்டுக்கு ஒரு காவலாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மருத்துவரிடமிருந்து மரவெட்டியிடம்

பல் வைத்த சங்கிலியால் அறுப்பது என்ற யோசனை முதலில் மரத்துக்காக வந்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள், பிரசவம் சிக்கலாகும்போது இடுப்பெலும்பை அறுத்து விரிக்க, மெல்லிய பல் சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். இரு முனையிலும் கைப்பிடி. கையால் இழுக்க வேண்டும். 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர், சங்கிலி ஒரு பட்டையின் ஓரமாகச் சுற்றி ஓடும்படி, கையால் சுழற்றும் எலும்பு ரம்பம் செய்தார். இன்றைய செயின் சாவின் உருவம் அதிலேயே இருக்கிறது.

மரத்துக்கு அது வந்தது ஜெர்மனியில். 1926-இல் ஷ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் என்பவர் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்தார். அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ஒன்றைச் செய்து, துரிங்கியா பகுதியிலுள்ள டோல்மார் என்ற மலையில் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவர் கம்பெனியின் பெயராயிற்று. இவை எல்லாம் இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் கனம். ஒருவர் தனியே தூக்கி வேலை செய்யும் அளவுக்கு மெஷின் இளைத்தது 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான்.

இதற்கிடையே அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி ஒரு காரியம் செய்தார். 1946-இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்று மரத்தைத் தின்று துளைத்துக்கொண்டு போவதைக் கண்டார். நாரின் போக்கைப் பற்றிக் கவலைப்படாமல், இடது பக்கம் ஒரு கடி, வலது பக்கம் ஒரு கடி என்று அது சுலபமாகப் போனது. அந்தத் தாடையின் அமைப்பையே இரும்பில் செய்தால் என்ன என்று யோசித்து, 1947-இல் போர்ட்லாந்து நகரில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துப் புதுவகைச் சங்கிலி செய்ய ஆரம்பித்தார். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலியின் பல் இடம் வலமாக மாறி மாறி இருப்பது அந்தப் புழுவின் உபயம். ஆகவே நம் இளைஞர்கள் 'வீட்டில் செய்யலாமா' என்று கேட்பதில் தவறே இல்லை. இந்த மெஷினின் முக்கியமான பாகம் ஒன்று வீட்டில் பிறந்ததுதான்.

பிரித்துப் பூட்டிய நாயுடு

நம் பக்கத்திலும் அதற்கு முன்னோடி உண்டு. கோயம்புத்தூர் அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மறுபடி பூட்டியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கு அதுவே கல்லூரி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். 1937-இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். கோவைக்கு மோட்டார் தொழிலில் பெயர் வந்த கதையில் அதற்கு முக்கிய இடம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாயுடு பிரித்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியை. எந்த நட் எவ்வளவு இறுகியிருந்தது, எந்த இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் கழற்றும்போதே கைக்குத் தெரியும். கிட் அப்படி இல்லை. அது இதுவரை ஓடாத மெஷின். பெரும்பாலும் கையேடும் இருக்காது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

சட்டப்படி இதை எப்படிச் செய்ய முடிகிறது என்று சிலர் கேட்டார்கள். காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு. அதன் பிறகு அந்த அமைப்பை யாரும் செய்யலாம். கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் போடக்கூடாது, அவ்வளவுதான். 1990-களில் பெயர் பெற்ற, 92 சிசி அளவுள்ள பெரிய மெஷின்கள்தான் இன்று கிட்களாக வருகின்றன.

இஞ்சின் நம் பழைய ராஜ்தூத், எஸ்டி போல டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. பூட்டும் வேலை சுவாரசியமானது. கிராங்க் ஷாஃப்டை ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டு, பேரிங் இருக்கும் கூட்டைச் சூடாக்கினால், அடிக்காமலே ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். மேக்னெட்டுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைக்கலாம். கிளட்சின் மரை இடப்பக்க மரை. வழக்கம் போலத் திருப்பினால் கழலாமல் இன்னும் இறுகும்.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக் கூடியவை. சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒரு ஆயில் சீல் சரியாக உட்காராவிட்டால் வெளிக்காற்று உள்ளே போகும். காற்று கூடினால் பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் விகிதத்தில் குறையும். மெஷின் முதலில் மிகச் சுறுசுறுப்பாக ஓடுவது போலத் தோன்றும். பிறகு பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தெரிந்தவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இஞ்சினின் வாய்களை அடைத்து, காற்றை உள்ளே ஏற்றியும் வெளியே உறிஞ்சியும் கசிவு பார்க்கிறார்கள். வங்கியில் நாள் முடிவில் கணக்கு டாலி ஆனாலும், இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டி மறைந்திருக்கலாம். மெஷின் ஓடுகிறது என்பது மட்டும் சரியாகப் பூட்டியதற்குச் சாட்சி ஆகாது.

பிஸ்டன் பிடித்தால் பணம் போகும், அதோடு சரி. அடுத்து நான் சொல்லப்போவது அப்படி இல்லை.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காயம்

முழு வேகத்தில் இந்தச் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடும். அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். சங்கிலி ஓடும் பட்டையின் நுனியில், மேல் பாதி எதன் மீதாவது பட்டால், மெஷின் அப்படியே மேல்நோக்கித் திரும்பிப் பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கண் இமைக்கும் நேரம் கூட ஆகாது. எவ்வளவு அனுபவசாலியானாலும் கையால் தடுக்க முடியாது. உலகமெங்கும் மரவெட்டிகள் இதில் அடிபட்டார்கள், செத்தார்கள். அதற்குப் பிறகு 1970-களில்தான் செயின் பிரேக் வழக்கத்துக்கு வந்தது. முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தத் தடுப்பு கையில் பட்டுச் சாய்ந்ததும், ஒரு இரும்புப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும்.

கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் நடுவே ரப்பரும் ஸ்பிரிங்கும் இருப்பது ஏன்? அந்தக் காலத்து மெஷின்களின் அதிர்வால் மரவெட்டிகளின் விரல்களில் ரத்த ஓட்டம் கெட்டு, விரல் வெளுத்து மரத்துப் போனது. 1960-களில் அதற்கு வந்த மருந்துதான் அது. அடியில் துருத்தி நிற்கும் சிறு கொக்கி, அறுந்து பின்னால் பறக்கும் சங்கிலியைப் பிடிக்க. ஆக்சிலேட்டரைத் தனியே அழுத்த முடியாமல், உள்ளங்கையில் இன்னொரு கட்டையையும் சேர்த்து அழுத்த வைத்திருப்பது, கிளை தட்டி மெஷின் தானாக வேகம் எடுக்காமல் இருக்க.

ஆக, இந்த மெஷினில் பாதிப் பாகங்கள் மரத்தை அறுப்பதற்காக வந்தவை அல்ல. யாரோ ஒருவர் கையையோ உயிரையோ கொடுத்த பிறகு சேர்த்தவை. கிட் பெட்டியில் அவையும் வரும். ஆனால் பிரேக் பட்டை சரியாக இறுகுகிறதா என்று பார்த்துச் சொல்லும் ஆள் பெட்டியில் வரமாட்டார்.

மரத்தின் பக்கமும் பார்ப்போம்

1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் நாடு முழுவதும் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. வழக்கு தொடங்கியது நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்து மரவெட்டை வைத்துத்தான். மர அறுவை மில்கள் மீதும் அப்போது கை வைத்தார்கள். மில் இருந்த இடத்திலேயே இருக்கும். போய்ப் பார்த்துப் பூட்டு போடலாம். செயின் சாவோ ஒரு சாக்குக்குள் ஏறி மலைக்குப் போய்விடும். இதனால்தான் பிலிப்பைன்ஸ் நாடு 2002-இல் தனிச் சட்டமே கொண்டு வந்து, செயின் சா வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. நாம் மலையடிவாரத்தில், யானை தோப்புக்கு இறங்கி வரும் ஊரில் இருக்கிறோம். நம் வளாகத்து மெஷின் இரவல் போகத் தொடங்கினால் எங்கே போகிறது, எதை அறுக்கிறது என்று நாம்தான் பதில் சொல்ல வேண்டும். தேக்கு, சந்தனம், ஈட்டி போன்றவை சொந்த இடத்தில் நின்றாலும் அனுமதி விஷயம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதே நேரம், இந்த மெஷின் இல்லாவிட்டால் 2017-இல் ஒக்கி புயலில் குமரி மாவட்டமும், 2018-இல் கஜா புயலில் டெல்டாவும் சாலைகளைத் திறக்க இன்னும் எத்தனை நாள் தவித்திருக்குமோ! கருவியின் மேல் குற்றம் இல்லை.

என் கருத்து

இளைஞர்கள் சொந்த ஆர்வத்தில் ஒரு கிட் வாங்கிப் பூட்டட்டும். நாயுடு வழியில் போவது நல்லதுதான். நான் கூட வந்து வேடிக்கை பார்ப்பேன். ஃப்ரீசர் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுடையதைத் தருகிறேன்.

ஆனால் சங்கத்தின் பணத்தில் வாங்குவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். காரணம் ஒன்றுதான். அதைப் பூட்டப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள். தூக்கிப் பிடித்து மரத்தில் வைக்கப்போவது நம் வாட்ச்மேனோ தோட்டக்காரரோ. அவருக்குப் பிரேக் பட்டை எப்படிப் பூட்டியிருக்கிறது என்று தெரியாது. "வேண்டாம் சார்" என்று நம்மிடம் சொல்லவும் அவரால் முடியாது. கிட்டின் விலை குறைவு என்பவர்கள், அதோடு தலைக்கவசம், முகத்திரை, காது மூடி, சங்கிலி பட்டால் காயத்தைக் குறைக்கும் காலுறை, பூட்ஸ், பயிற்சி இவற்றின் விலையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அப்போது வாடகைக்கு வரும் அனுபவஸ்தரின் கூலி அதிகம் என்று தோன்றாது. அவர் வரும்போதும் கவசம் அணிந்திருக்கிறாரா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

பொதுக்குழுவில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகப் பேசலாம். சாரலுக்கு முன்பே காய்ந்த கிளைகளைக் கழித்துவிட ஒரு தேதி குறிப்பதைப் பற்றியும் அன்றே முடிவு செய்துவிடுவோம். காற்று நம் கூட்டத்துக்காகக் காத்திருக்காது.